முள்ளு மாமாவின் மாரிக் கணக்கு

எந்த வாகனத்தில் ஏறினாலும் அவர் முதலில் பார்ப்பது எண்ணெய் காட்டும் முள்ளைத்தான். அதைப் பார்க்காமல் அவருக்கு முதுகு சாயாது. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க முன்னரே சாரதியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். ஓட்டோவில் குனிந்து பார்ப்பார். எங்கள் தெருவில் ஒருவர் மௌத்தானபோது மையவாடிக்குப் போன வேனில் அவரும் ஏறினார். எல்லோரும் கலிமா சொல்லிக்கொண்டிருக்க, இவர் முன்னால் தலையை நீட்டி, "அடக்கிட்டுத் திரும்பி வாரதுக்கு எண்ணெய் காணுமா, தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். சாரதி சிரிக்கவில்லை. அவனுக்கும் பழகிப்போயிருந்தது.

ஊரில் அவருக்கு முள்ளு மாமா என்று பெயர். உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் மௌத்தாகிவிட்டார் என்றாலும் மகளும் மருமகனும் கல்முனைக்குடியில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

இளமையில் அவர் மற்றவர்களுடைய வேனைக் கொழும்புக்கு வாடகைக்கு ஓட்டியவர். பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமற் போன வருடம் வந்தது. மற்றவர்களைப் போல அவரும் வரிசையில் கிடந்தார். வண்டியைத் தள்ளித் தள்ளி முன்னேறினார், வண்டிக்குள்ளேயே சாப்பிட்டார், சில நாட்கள் வெறுங்கையோடு திரும்பினார். பெற்றோல் மறுபடி வந்து, நாங்கள் எல்லோரும் அந்த வருடத்தை ஒரு கெட்ட காய்ச்சல் போல மறந்துவிட்டோம். அவருக்கு அது உடம்பிலேயே தங்கிவிட்டது. கல்முனைச் சந்தியில் சிவப்பு விழுந்தால் எஞ்சினை நிறுத்துவார். வீடு தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, வந்த வேகத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வளவுக்குள் விடுவார். கலியாண வீட்டு வாசலில் யாராவது காரை ஓடவிட்டபடி கதைத்துக்கொண்டு நின்றால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் போய்ச் சொல்லுவார்.

"தம்பி, ஓஃப் பண்ணுங்க. நிண்ட இடத்தில நிண்டு குடிக்கிற வாகனம் வீட்டுக்குக் கூடாது."

எனக்கு அவரைப் பிடிக்கும். எரிச்சலும் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி ஊற்றிக்கொடுக்கும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிடுவார். தெருவில் ஒரு கார்ச் சத்தம் கேட்டால் போதும். கோப்பையைக் கீழே வைத்து, காதைக் கொடுத்து, அது தன் வீட்டுக் கார்தானா என்று கேட்பார். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆறினதை அவர் குடிக்கமாட்டார். என் மனைவி இதைத் தன் கைக்குக் கிடைத்த அவமானமாகவே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் பின் அறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் எனக்கு மாமனார் இல்லை, வீடு விசாலமாக இருந்தது. மாமா தன் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்தபோது காரையும் சேர்த்துக் கொடுத்தார். பழைய ஜப்பான் கார், சாம்பல் நிறம். சாவியை மருமகனின் கையில் வைத்தவர், எண்ணெய் அடிக்கிற வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் தாங்கி நிரம்பும்வரை பெற்றோல் அடித்து வருவார். பார்த்தவர்களெல்லாம் இப்படியொரு மாமனாரா என்றார்கள். எனக்குத்தான் தெரியும், தாங்கியை நிரப்பினால்தான் அந்தக் கிழமை கார் எவ்வளவு குடித்தது என்று தெரியும் என்பது.

மருமகன் இறக்காமத்துப் பிள்ளை. திருக்கோவில் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. அதிகம் பேசமாட்டார், குனிந்த தலை. நான் அக்கரைப்பற்றில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தேன். காலையில் அவரோடு போய் அக்கரைப்பற்றில் இறங்கிக்கொள்வேன், மாலையில் அங்கேயே நின்று ஏறிக்கொள்வேன். மாமனும் மருமகனும் நேருக்கு நேர் கதைத்து நான் கண்டதில்லை. கோபமில்லை, மரியாதை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழும்பிவிடுவார். எழும்பினவரைப் பார்த்து வந்தவரும் உட்காரமாட்டார். "மருமகன் சாப்பிட்டாரா?" என்பது மகளிடம் போகும். "மாமாக்கு மருந்து முடிஞ்சிட்டா?" என்பதும் மகளிடம்தான் போகும். அந்தப் பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனாள். அப்போது அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அந்த வருட மாரி மழை பிடித்துக்கொண்டு இரண்டாவது சனிக்கிழமை, மாமா பெற்றோல் அடித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். சட்டை தோள்பட்டையில் நனைந்திருந்தது.

"தம்பி, நீங்க போற வழியில கார் எங்கயும் நிக்குதா?"

"இல்ல மாமா. நேரா போறம், நேரா வாறம்."

"அக்கரைப்பற்றுக்கு அங்கால?"

"அங்கால நான் இல்லயே."

அவர் கதிரையின் நுனியில் இருந்தார். "மீட்டர்ல ஓட்டம் கூடல்ல. ஆனா எண்ணெய் கூடக் குடிச்சிரிக்கு. போன கிழமையும் கூட. இந்தக் கிழமை அதை விடக் கூட."

"மாரிதானே மாமா. நிந்தவூர்ப் பக்கம் ரோட்டுக்கு மேலால தண்ணி போகுது. ஊர்ந்து ஊர்ந்துதான் போறம். பகல்லயும் லைட், வைப்பர் நிப்பாட்டவே ஏலா. கண்ணாடி மூடுது எண்டு ஏசியும் போடுறம். எல்லாம் எண்ணெயிலதானே ஓடுது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ மறைக்கிறேன் என்ற பயம் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. லண்டனில் இரவுக்கு டாக்ஸி ஓட்டும் என் மச்சானுக்கு அப்போதே ஃபோன் எடுத்து, சத்தமாக வைத்து, நீயே சொல் என்றேன்.

"ஓம் மாமா, குளிர் வந்தா இஞ்சயும் அப்பிடித்தான்," என்றான் மச்சான். "எஞ்சின் சூடாகும் வரைக்கும் எண்ணெய் கூடப் போகும். குளிருக்கு டயர்ல காத்து இறங்கிரும், அதுக்கும் இழுவை கூட. கொஞ்சப் பேர் காலையில நிண்ட இடத்திலயே ஓட விட்டுச் சூடாக்கிட்டுத்தான் எடுப்பாங்க."

"நிண்ட இடத்தில ஓட விடுறதா," என்றார் மாமா, கேட்கக்கூடாததைக் கேட்டவர் போல. பிறகு சொன்னார். "அங்க பனி மகன். இஞ்ச மழைதானே. இந்தக் குளிருக்கு எஞ்சின் என்னத்துக்கு நடுங்கப் போகுது?"

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவருடைய பயம் எண்ணெயைப் பற்றியது அல்ல என்பது எனக்கு அடுத்த கிழமைதான் விளங்கியது. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் மழை விடக் காத்து நின்றபோது, தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். தங்கையின் புருஷன் பெரும்போகத்துக்குப் பொத்துவில் பக்கம் வேளாண்மை செய்யப் போய் வந்தவர். மோட்டார் சைக்கிளில் போவார். ஒரு மாரியில் அந்த மோட்டார் சைக்கிள் வழக்கத்தை விடக் கூடக் குடித்தது. வயல் சேறு, இழுக்குது என்றார். சேறுதான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாரி முடிந்து தண்ணீர் வடிந்தபோது அவர் திரும்பி வரவில்லை. கோமாரியில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது.

"மனிசன் வாயால செல்லுறதுக்கு முன்ன எண்ணெய் செல்லிட்டு தம்பி. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியல்ல," என்றார். "தங்கச்சி இண்டைக்கும் வாசல் கேற் சத்தம் கேட்டா எழும்புறா. அந்தப் பிள்ளைகள் வாப்பா எங்க எண்டு கேக்கிறத விட்டுட்டுகள். அவ மட்டும் எழும்புறா."

மழைதான் காரணம் என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் காதில் சேறு என்றுதான் விழும் என்பது அப்போது தெரிந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேன் ஓடின காலத்தில நாங்க ஒண்டு செய்வம். மீட்டருக்குப் போற கேபிளக் கழட்டிட்டா கார் ஓடும், மீட்டர் ஓடாது. முதலாளிக்குத் தெரியாம இன்னொரு ஓட்டம் போயிட்டு வரலாம். இந்தக் காரும் பழசு, கேபிள்தான். மருமகனுக்கு அது தெரியுமா இரிக்கும்?"

குனிந்த தலையோடு வரும் அந்த மனிதர் காருக்கடியில் படுத்து கேபிள் கழட்டுவதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தான் செய்த தில்லுமுல்லையே அவர் மருமகனின் கையில் வைத்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

ஒரு போயா, பௌர்ணமி லீவு நாளில், மருமகன் தன் உம்மாவைப் பார்க்க பஸ்ஸில் இறக்காமம் போயிருந்தார். மாமா டயருக்குக் காற்றடித்து, தாங்கியை நிரப்பி, என்னையும் ஏற்றிக்கொண்டு மழையில் திருக்கோவில் வரைக்கும் ஓடினார். மருமகன் போகும் வேகத்தில்தான் போக வேண்டும், அவர் ஏசி போடும் இடத்தில் போட வேண்டும், அவர் மெதுவாக்கும் இடத்தில் மெதுவாக்க வேண்டும். அக்கரைப்பற்று வரைக்கும் எல்லாவற்றையும் நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். காரைதீவு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் கடலாகக் கிடந்தது. ரோட்டுத் தண்ணீர் டயரைப் பிடித்து இழுப்பதை அவரும் உணர்ந்தார். "ஓம், இழுக்கத்தான் செய்யுது," என்று ஒருதரம் முணுமுணுத்தார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது. விநாயகபுரத்துக்குத் திரும்பும் இடத்தில் காரை ஓரமாக்கி, நிறுத்தி, தெற்கே போகும் வீதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் போனால் கோமாரி வரும்.

திரும்பி வந்து மறுபடி நிரப்பினோம். கோடையை விடக் கூடத்தான் குடித்திருந்தது. அப்பாடா என்று நான் பெருமூச்சு விட்டேன். மாமா விடவில்லை.

"பாதிக்குத்தான் கணக்கு வருது தம்பி. மாரி குடிச்சது பாதி. மத்தப் பாதி எங்க?"

அதற்குப் பிறகு அவர் சாய்வு கதிரையை விட்டு எழும்பவில்லை. கோடையில் அந்தக் கதிரை வளவு மாமரத்தடியில் கிடக்கும். மழை தொடங்கியதும் அதை ஹோலுக்குள், ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிருந்தால் கார் வெளியே போவதும் வருவதும் தெரியும். மருமகன் மாலையில் வருவார், உடுப்பு மாற்றுவார், பொழுதுபட்டதும் மஃரிபு தொழப் பெரிய பள்ளிக்கென்று காரில் போவார். ஒரு மணித்தியாலம் கழித்து இஷாவும் முடிந்துதான் வருவார். மாமாவுக்கு முழங்கால் நோ, மாரியில் வீட்டிலேயே தொழுதுகொள்வார்.

"மஃரிபுக்குப் பள்ளியில கண்டீங்களா?" என்று என்னைக் கேட்பார்.

"கண்டன் மாமா. எனக்கு முன் சஃப் வரிசையில நிண்டார்."

"இஷாவுக்கு?"

"அதுக்கும் கண்டன்."

"நடுவுல?"

நடுவில் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். நடுவில் எனக்குத் தெரியாது.

பயம் ஒட்டுவாரொட்டியாகப் பரவுகிற சாமான். ஒரு காலையில் காருக்காக நான் நின்றபோது, மாமாவின் மகள் மதிலுக்கு அங்கால் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"காக்கா, வாப்பா உங்களுக்கிட்ட என்னத்தக் கேக்கிறார்?"

"ஒண்டுமில்ல தங்கச்சி. எண்ணெய்க் கதைதான்."

"எனக்கிட்ட செல்லுறாரில்ல. ராவெல்லாம் உம்மாவோட குசுகுசுக்கிறார். நேத்து நான் இவரக் கேட்டன், இஷா வரைக்கும் எங்க இரிக்கீங்க எண்டு. சும்மாதான் எண்டார்." அவள் வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். "மாமிர மாப்பிள்ளையும் சும்மாதான் எண்டு செல்லித்தான் போனவராம்."

மாமி என்றது மாமாவின் அந்தத் தங்கையைத்தான். அன்று காரில் போகும்போது மருமகனிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம் எனக்கும் வந்துவிட்டிருந்தது. வைப்பர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு அக்கரைப்பற்று வரை போய்ச் சேர்ந்தேன்.

அன்று மாலையே மாமா வந்தார். "மஃரிபு முடிஞ்சதும் பின்னால போவம் தம்பி. உங்கட மோட்டார் சைக்கிள்ல. எனக்கு இனி ஏலா."

மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது, அவருக்குப் போட்டுவிட்டேன். தொழுகை முடிந்து சனம் கலைந்தபோது சாம்பல் கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெயின் வீதியைக் கடந்து கடற்கரைத் தெருவுக்குள் இறங்கியது. மாமாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. நோகிற அளவுக்குப் பிடித்தார். தெரு முடிகிற இடத்தில், கடலரித்த மணலுக்கு இப்பால், இழுத்துப் போட்டிருந்த தோணிகளுக்குப் பக்கத்தில் கார் நின்றது. லைட் அணைந்தது. எஞ்சின் அணையவில்லை. பின்னால் புகை போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் ஒரு மீன்வாடியின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம்.

"ஓஃப் பண்ணுங்க," என்றார் மாமா, என் மோட்டார் சைக்கிளைக் காட்டி. அந்த நேரத்திலும் அதைச் சொல்ல மறக்கவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றோம். கார் போகவும் இல்லை, யாரும் இறங்கவும் இல்லை. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே ஏதோ அசைந்தது. மாமாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. கடல் இரைச்சலில் என்ன ஓதினார் என்று கேட்கவில்லை.

"நான் போக ஏலா தம்பி. மருமகன்ர முகத்த நான் எப்பிடிப் பாக்கிற? நீங்க போங்க. ஆரும் பொம்புளை இரிந்தா..." என்று தொடங்கி, "ஆரு இரிந்தாலும் எனக்கு வந்து செல்லுங்க," என்று முடித்தார்.

போனேன். கண்ணாடியில் தட்டினேன். அது இறங்கியதும் வறுத்த கச்சான் கடலை வாசனையும் ஏசிக் குளிரும் ஒன்றாக வந்தன. மருமகன் தனியாக இருந்தார். மடியில் கச்சான் பை, ஃபோனில் ஏதோ கிரிக்கெட், மென்றுகொண்டிருந்த வாயில் என்னைக் கண்ட திகைப்பு.

"காக்கா? வீட்டுல என்னவும் நடந்திட்டா?"

"ஒண்டுமில்ல. நீங்க இஞ்ச என்ன செய்றீங்க?"

அவர் கச்சான் கோதுகளைத் தட்டிவிட்டார். பிடிபட்ட பிள்ளையின் முகம். "சும்மாதான் காக்கா. கோடையில மண்ணுல வந்து இரிப்பன். இப்ப மழை. ஹோட்டல்ல போய் இரிந்தா மருமகன் வீட்டுல இரிக்கிறாரில்ல எண்டு அடுத்த நாளே மாமாக்குக் கதை போயிரும். கண்ணாடி மூடுது எண்டு ஏசியப் போட்டு ஓட விட்டிரிக்கன்."

"வீட்டுல இரிக்கலாமே."

"எங்க இரிக்கிற?" என்று அவர் என்னையே கேட்டார். "ஹோல்ல மாமா இரிக்கார். நான் போனா எழும்பி நிக்கிறார். நோவு முழங்கால். அவர் நிக்கக்குள்ள நான் எப்பிடி இரிக்கிற? அறைக்குள்ளயே போய்ப் படுத்துக் கிடந்தா மாமா மாமி என்ன நினைப்பாங்க? குசினிக்குள்ள அடுப்படியில பொம்புளைகள். மழை விட்டா எல்லாம் சரி காக்கா."

வாடிக்குத் திரும்பி வந்தேன். மாமா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆரு?"

"ஒருத்தரும் இல்ல மாமா. தனியத்தான் இரிக்கார். கச்சான் தின்னுறார்."

"பிறகு என்னத்துக்கு இஞ்ச?"

சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. "ஹோல்ல நீங்க இரிக்கீங்க."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தலைக்கு மேலிருந்த மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றினார். முகத்தில் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, வந்த உடனேயே போய்விட்டது.

"நான் அவர் போறாரா எண்டு பாக்கத்தானே அங்க இரிந்தன்," என்றார். "நான் இரிந்ததாலயா போனார்?"

பதிலுக்கு நிற்காமல் மழைக்குள் இறங்கினார். முழங்கால் நோவோடு, ஈர மணலில், காரை நோக்கி நடந்தார். அவரைக் கண்டதும் மருமகன் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து இறங்கி நின்றார். மாமாவும் நின்றார். இரண்டு பேரும் நனைந்தார்கள். நடுவில் கார் வெறுமையாக, குளிரும் வெளிச்சமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மரியாதை இரண்டு பேரையும் காய்ச்சலில் கொண்டுபோய் விடப்போகிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"ரெண்டு பேரும் ஏறுங்களன்," என்று பின்னால் ஓடிப்போய்க் கத்தினேன்.

மாமா சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பிறகுதான் மருமகன் ஏறினார். ஏறியவர் முதலில் செய்தது சாவியைப் பிடித்ததுதான். மாமாவுக்கு முன்னால் எஞ்சின் சும்மா ஓடக்கூடாது என்று அந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? மாமா அந்தக் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டாதீங்க மருமகன். கண்ணாடி மூடிரும். ஓடட்டும்."

மகளின் கலியாணத்துக்குப் பிறகு அவர் மருமகனிடம் நேராகச் சொன்னதை நான் கேட்ட முதல் பேச்சு அது. கண்ணாடி ஏறியது. அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தார்களா, சும்மா இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. மழைக்கோட்டும் மாமாவோடு போய்விட்டது. நான் மீன் நாற்றத்தில் வாடிக்குள் ஒடுங்கி நின்று, இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மாலையிலிருந்து மாமா என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். "கொஞ்சம் இரிந்திட்டுப் போறன் தம்பி," என்பார். மஃரிபை எங்கள் ஹோலிலேயே தொழுதுவிட்டு, என் கதிரையில் என் ஜன்னலோரமாக இருப்பார். இஷா முடிந்து மருமகன் படுக்கப் போயிருப்பார் என்று கணக்குப் பார்த்துத்தான் எழும்புவார். நான் என் வீட்டில் எங்கே இருப்பது என்று தெரியாமல் நடந்து திரிந்தேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பயம் அவரை விட்டுவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமை பெற்றோல் அடித்துவிட்டு வந்தவரின் முகம் பழையபடி வெளிறிக் கிடந்தது.

"தம்பி, எண்ணெய் குறைஞ்சிட்டு."

"நல்லம்தானே மாமா."

"மாரி இன்னும் முடியல்லயே. கடற்கரைக்குப் போறதையும் விட்டுட்டார். ஏன் விட்டார்? நான் பின்னால வந்தது மனசில பட்டிரிக்குமா? வெக்கத்தில அறைக்குள்ள கிடக்காரோ? பேசாம இரிக்கிற மனிசன் ஒருநாளைக்குப் பேசாமலே போயிருவார் தம்பி." கோப்பை பாதியோடு அவர் பக்கத்தில் இருந்தது. "ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாங்க. நாளைக்கு எத்தின மணிக்குப் போற எண்டு கேக்கிற மாதிரிப் போங்க."

"நாளைக்கு ஞாயிறு மாமா."

"எதையாவது கேளுங்க."

குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன், பதில் வரவில்லை. மகள் குசினிப் பக்கத்திலிருந்து வந்து, வாயில் விரலை வைத்து, ஹோலுக்குள் கண்ணைக் காட்டினாள். அவள் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. உள்ளே டீவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லை. மாமாவின் சாய்வு கதிரையில் மருமகன் வாயைத் திறந்தபடி நித்திரை. கைச்சட்டத்தின் மேல் கால்கள் இரண்டையும் நீட்டிப் போட்டிருந்தார். நெஞ்சில் கச்சான் கோது.

திரும்பி வந்து சொன்னேன். மாமா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"என்ர கதிரையிலயா?"

"ஓம் மாமா."

"காலை மடக்கிட்டு இரிக்காரா?"

"இல்ல. நல்லா நீட்டிப் படுத்திரிக்கார். குறட்டையும் விடுறார்."

வெளியே தெருவில் ஏதோ ஒரு கார் போனது. அவர் காது கொடுக்கவில்லை.

"காலை நீட்டிட்டாரா," என்றார். "அப்ப போகமாட்டார்."

பிறகு பின்னால் சாய்ந்து கோப்பையை எடுத்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கடைசி மிடறு வரைக்கும் குடித்தார்.